சிலிர்ப்பும் சம்மதமும்

1

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘தந்தையின் மரணம் பற்றிய கவிதையைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது, இதற்குமேல் விமர்சனம் எதற்கு?’ தொகுதியின் பெயரும் கவிஞரின் பெயரும் இங்கே வேண்டாம். குற்றம் என்னுடையது. எழுதியபோது அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டொருவர் அதை மேற்கோள் காட்டிப் பேசவும் செய்தார்கள்.

அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்குவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் வாபஸ் வாங்குகிறவன், தான் என்ன சொன்னோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ‘சிலிர்த்தது’ என்று எழுதினேன். ‘புரிந்தது’ என்றோ ‘நன்றாக இருந்தது’ என்றோ எழுதியிருந்தால், ஏன், எப்படி என்று யாராவது கேட்டிருப்பார்கள். சிலிர்த்தது என்றவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தோலுக்கு எதிராக வாதம் இல்லை என்பது நமக்குள் ஒரு எழுதப்படாத ஒப்பந்தம். கூட்டங்களிலும் முன்னுரைகளிலும் பின்னட்டைகளிலும் இந்தச் சொல் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது. இது எங்கிருந்து இவ்வளவு அதிகாரம் பெற்றது என்று பார்க்கத் தோன்றியது.

2

தோலில் நிகழும் இந்த ஒன்றுக்குத் தமிழில் சொற்கள் ஏராளம். மயிர்க்கூச்செறிதல், மயிர் சிலிர்த்தல், மெய் சிலிர்த்தல், புல்லரித்தல், புளகம், புளகாங்கிதம், ரோமாஞ்சம். இவற்றில் நேர்மையான சொல் மயிர்க்கூச்செறிதல்தான். என்ன நடந்ததோ அதை மட்டும் அது சொல்கிறது: மயிர் குத்திட்டது, கூசியது. ஏன் என்பதில் தலையிடுவதில்லை.

ஆனால் மயிர் என்ற சொல் நம்மிடையே வசவாகிவிட்டது. வள்ளுவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. மானம் என்ற அதிகாரத்திலேயே இரண்டு குறள்களில் மயிரைச் சொல்கிறார். நாம் அதை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். இறங்கிய இடத்தில் ரோமம் வந்து உட்கார்ந்தது. சலூனில் முடி வந்தது. எழுத்தில் ‘மெய்’ வந்தது. மயிர் சிலிர்த்தது போய் மெய் சிலிர்த்தது ஆயிற்று. இது வெறும் நாகரிகத்துக்காகச் செய்த மாற்றமாகத் தெரியலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. மயிர் சிலிர்த்தது என்றால் எதைக் கண்டு என்று கேட்கலாம். மெய் சிலிர்த்தது என்று சொன்னவுடன், ஏதோ உண்மையே எழுந்து நின்றுவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. என் வாக்கியத்தின் தைரியம் இந்தச் சிலேடையிலிருந்து கிடைத்தது என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

புல்லரித்தலைப் பிரித்தால் என் காதுக்குப் புல்லும் அரிப்பும் கேட்கின்றன. அரித்தல் நமைச்சலுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. கறையான் அரிக்கிறது, அலை கரையை அரிக்கிறது, எறும்பு அரிக்கிறது. புல்தரையில் வெற்று முதுகோடு படுத்து எழுந்தவனுக்குத் தெரியும், சிறியதாகப் பல ஒரே சமயத்தில் ஊர்வது எப்படி இருக்கும் என்று. கவிதைக்கு வெகு தூரத்தில், உடம்புக்கு வெகு அருகில் இருக்கிற சொல். அதனால்தானோ என்னவோ, இன்று அது கேலிக்குப் போய்விட்டது. ‘புல்லரிக்குது போ’ என்றால் பாராட்டு இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். புளகாங்கிதத்தின் கதியும் அதுதான்: செய்தித்தாள்களில் தலைவர்கள் அடைவதற்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. உழைத்துத் தேய்ந்த சொற்கள் இவை. ‘சிலிர்ப்பு’ இன்னும் தேயவில்லை, அவ்வளவுதான்.

மாணிக்கவாசகர் திருச்சதகத்தின் முதற் பாட்டைத் தொடங்கும்போது, தம் மெய் ‘அரும்பி’யதாகச் சொல்கிறார். ரோமக்கால்கள் அரும்புகளாயின. மற்ற நாட்டார் இதைப் பார்த்த விதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் அருமை தெரியும். ஆங்கிலேயருக்கு இது வாத்தின் தோல். ஜெர்மானியருக்கும் அப்படியே. பிரெஞ்சுக்காரருக்குக் கோழியின் சதை. ஜப்பானியருக்குப் பறவைத் தோல். இறகு பிடுங்கிச் சமையலறையில் கிடக்கிற பறவை. அவர்கள் கண்ணில் பட்டது பிடுங்கிய பின் எஞ்சிய புள்ளி. மாணிக்கவாசகர் கண்ணில் பட்டது முளைக்கப்போகிற புள்ளி.

1872ல் டார்வின் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் இந்த மயிர் சிலிர்ப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார். பூனையும் நாயும் கோபத்திலும் பயத்திலும் மயிர் சிலிர்த்துத் தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்கின்றன. நம்மிடம் அது பழைய குடித்தனத்தின் மிச்சம். சிலிர்க்க மயிர் இல்லை, சிலிர்ப்பு மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு துளித் தசை. நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாத நரம்பு அதை இழுக்கிறது. இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2020ல் ஹார்வர்டிலும் தைவானிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் கண்டறிந்தது வேறொன்று. மயிரைச் சிலிர்க்க வைக்கிற அதே நரம்பு மயிர்க்காலின் மூல அணுக்களையும் தொடுகிறது. குளிர் நீடித்தால் அந்த நரம்பு புதிய மயிரை முளைக்கச் சொல்கிறது. அந்தத் துளித் தசைதான் நரம்பை அங்கே நிறுத்தி வைக்கிற பாலம். சிலிர்ப்பும் முளைத்தலும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு வேலைகள். அரும்புதல் என்ற சொல்லுக்கு இதனால் பெருமை கூடிவிடாது. ஆனால் பார்த்த கண் கூர்மையான கண்.

3

ரோமாஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு ஸம்ஸ்கிருதச் சொல் ரோமஹர்ஷம். ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி என்று நாம் அறிவோம். ‘ஹ்ருஷ்’ என்ற வேருக்குக் குத்திட்டு நிற்பது என்றும் பொருள். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. லத்தீனின் ‘ஹொர்ரேரெ’ என்ற வினைச்சொல்லையும் இதே வேரோடு சேர்க்கிறார்கள் மொழிநூலார். அதற்கும் முதல் அர்த்தம் குத்திட்டு நிற்பதுதான். வயலில் விளைந்த கதிர் குத்திட்டு நிற்பதற்கும் அந்தச் சொல் ஆகும். பகைவர் படையை வர்ணிக்கும்போது மில்டன் ‘ஹாரிட்’ என்று எழுதினால் ஈட்டிகளின் வரிசையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அதிலிருந்து வந்ததுதான் ‘ஹாரர்’. ஆக, ஹர்ஷமும் ஹாரரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே மயிர் எழுந்து நின்றதைப் பார்த்து ஒரு வீட்டார் ஆனந்தம் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு வீட்டார் பயங்கரம் என்று பெயர் வைத்தார்கள்.

கீதையைப் படிக்கிறவர்கள் இதை ஒரே நூலுக்குள் பார்க்கலாம். முதல் அத்தியாயத்தில் எதிரே நிற்கும் உறவினரைக் கண்டு அர்ஜுனனுக்கு ரோமஹர்ஷம் உண்டாகிறது. உடல் நடுங்குகிறது, காண்டீபம் நழுவுகிறது. பதினோராவது அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் கண்டு அவனுக்கே மறுபடி மயிர் குத்திட்டு நிற்கிறது. பதினெட்டாவதன் கடைசியில் சஞ்சயன், தான் கேட்ட சம்வாதம் முழுவதையுமே ரோமஹர்ஷணம் என்கிறான், மகிழ்ச்சியோடு. போர் வேண்டாம் என்றபோதும் அதே சிலிர்ப்பு, உலகம் வாயில் புகுவதைக் கண்டபோதும் அதே சிலிர்ப்பு, கதை கேட்டு முடித்தபோதும் அதே சிலிர்ப்பு. சஞ்சயன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட திருதராஷ்டிரனுக்கு ஏதாவது சிலிர்த்ததா என்று கீதை சொல்லவில்லை. முதல் சுலோகத்தில் கேள்வி கேட்டதோடு அவன் குரல் நின்றுவிடுகிறது.

நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் எட்டு ஸாத்விக பாவங்களைச் சொல்லி, அவற்றில் ஒன்றாக ரோமாஞ்சத்தை வைக்கிறார். அது எதனால் வரும் என்று அவர் தரும் பட்டியலை நம் மதிப்புரையாளர்கள் ஒவ்வொருவரும் மேஜைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்: தொடுதல், பயம், குளிர், மகிழ்ச்சி, கோபம், நோய். ஆறு காரணங்கள். நல்ல கவிதை என்பது அதில் இல்லை. கவிதை இந்த ஆறில் ஒன்றின் வழியாகத்தான் வரமுடியும். எதன் வழியாக வந்தது என்று கேட்கலாம் என்பதே அதற்கு அர்த்தம். ஸாத்விகம் என்று ஏன் பெயர் என்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார். மனம் ஒன்றாமல் கண்ணீரையும் சிலிர்ப்பையும் வரவழைக்க முடியாது. நடிக்க முடியாதது என்பதுதான் இதன் பெருமை.

தொல்காப்பியம் வேறு வழியாக இதே இடத்துக்கு வருகிறது. மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களாக முப்பத்திரண்டைத் தருகிறது. சிலிர்ப்புக்கு அங்கே தனி இருக்கை இல்லை. அச்சத்திலும் சிலிர்க்கலாம், மருட்கையிலும் சிலிர்க்கலாம், உவகையிலும் சிலிர்க்கலாம். மெய்யில் படுவது எதிலிருந்து வந்தது என்று களனைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். ‘மெய் சிலிர்த்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் தொல்காப்பியர் முன்னால் பாதி வாக்கியம் சொன்னவன்.

4

நான் அந்த மதிப்புரையை எழுதியபோது மனத்துக்குள் துணைக்கு வைத்துக்கொண்டது ஹவுஸ்மனை. 1933ல் கேம்பிரிட்ஜில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு பிரசித்தம். காலையில் சவரம் செய்யும்போது ஒரு கவிதை வரி நினைவில் குறுக்கிட்டால் தோல் சிலிர்த்துக் கத்தி ஓடுவதில்லை, ஆகவே நினைவுகளைக் காவல் காக்கவேண்டியிருக்கிறது என்றார். கவிதை அறிவைவிட உடம்பைச் சார்ந்தது என்பது அவர் கட்சி. பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது, இலக்கியத்தை மார்க் வாங்குகிற சமாசாரமாக ஆக்கியிருந்த அத்தனை பேரையும் இந்த ஒரு சவரக் கத்தி வெட்டிவிட்டதாகத் தோன்றியது. இன்றும் அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஹவுஸ்மன் தன் கட்சிக்கு அழைத்த சாட்சி யார்? யோபு புத்தகத்தில் வரும் தேமானியனாகிய எலிப்பாஸ். இரவில் ஒரு ஆவி தன் முகத்துக்கு முன்னால் கடந்தது, உடலின் மயிர் சிலிர்த்தது என்று அவன்தான் சொல்கிறான். அந்தச் சிலிர்ப்பின் பலத்தில்தான் எலிப்பாஸ் பேசுகிறான். சொந்தப் பிள்ளைகளையெல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனிடம், குற்றமில்லாதவன் எவனாவது அழிந்தது உண்டா என்கிறான். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கடவுளே வந்து எலிப்பாஸிடம், நீயும் உன் சிநேகிதர் இருவரும் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். எலிப்பாஸ் பொய் சொல்லவில்லை. அவனுக்கு மயிர் சிலிர்த்தது நிஜம். சிலிர்த்ததிலிருந்து அவன் எடுத்த தீர்ப்புத்தான் தவறு. ஹவுஸ்மன் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுச் சவரத்துக்குப் போய்விட்டார்.

நம்மிடமும் இந்த வழக்கு உண்டு. ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கேட்பவர் உடம்பில் அதை இறக்கிவிடுவார் என்று அவருடைய வட்டத்தொட்டியில் உட்கார்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதற்கு எதிர்வினையாகத்தான் 1959ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கினார் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அதன் பக்கங்களில் அவர் அலசி அலசிக் காட்டிய விமர்சனத்துக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது: உனக்கு ஏற்பட்டதை உரைக்கக் காரணம் சொல். ரசனையா அலசலா என்று இதை ஒரு பட்டிமன்றமாக்கி நாம் பல வருஷம் பிழைத்தாகிவிட்டது. எனக்கு இரண்டும் எதிரெதிர் கட்சிகளாகத் தெரியவில்லை. முன்னும் பின்னுமாக வருகிற இரண்டு காரியங்களாகத் தெரிகின்றன. சிலிர்க்காதவன் அலசுவதற்கு ஒன்றும் இல்லை. சிலிர்த்ததோடு நிற்கிறவன் எலிப்பாஸ்.

5

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடு வெட்டுவதற்கு முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் தெய்வம் உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பும்வரை யாரும் அரிவாளைத் தொடமாட்டார்கள்; அதில் ஒரு தர்மம் இருந்தது. ஏழெட்டு வயதில் கூட்டத்துக்குள் நின்று நான் பார்த்த ஒரு ஆடு வெகுநேரம் சிலுப்பவில்லை. வேண்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்த பங்காளிகள் இருவரைப் பேசவைத்தார்கள், மறுபடி தண்ணீர். ஒரு பெரியவர் குடத்தையே சரித்துவிட்டார். ஆடு சிலுப்பியது. குலவை எழுந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பாட்டி, யாரிடமும் இல்லாமல், ‘குளுந்த தண்ணிய ஊத்துனா அது என்ன செய்யும்?’ என்றாள். சொல்லிவிட்டு அவளும் கும்பிட்டாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு புளூடார்க்கைப் படித்தபோது அந்தக் குடம் திரும்ப வந்தது. புளூடார்க் டெல்ஃபி கோயிலில் பூசாரியாக இருந்தவர். குறி கேட்பதற்கு முன் அங்கேயும் ஆட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். தலையை ஆட்டினால் மட்டும் போதாது. உடம்பு முழுவதும் ஒருசேர நடுங்கவேண்டும். நடுங்காவிட்டால் அன்று குறி இல்லை. ஒரு சமயம் வெளிநாட்டிலிருந்து தூது வந்திருந்தது. பெரிய மனிதர்கள். ஆடு அசையவில்லை. பூசாரிகள் அவர்களைத் திருப்தி செய்ய விரும்பி, ஊற்றினார்கள், ஊற்றினார்கள், ஆடு தொப்பலாக நனைந்து ஒருவழியாக நடுங்கும்வரை. குறி சொல்லும் பெண் விருப்பமில்லாமல் உள்ளே இறங்கினாள். முதல் பதில்களிலேயே அவள் குரல் கரகரத்து மாறிவிட்டது. பிறகு பயங்கரமாக அலறிக்கொண்டு வாசலை நோக்கி ஓடிவந்து விழுந்தாள். தூதர்கள் மட்டுமல்ல, பூசாரிகளும் ஓடிப்போனார்கள். சில நாட்களில் அவள் இறந்துபோனாள்.

டெல்ஃபியின் ஆடு நடுங்கியது பொய்யா? இல்லை. பரதர் சொன்னபடி அது நடிக்க முடியாததுதான். ஆனால் நடிக்க முடியாத ஒன்றை வெளியிலிருந்து வரவழைக்க முடியும். பரதரின் பட்டியலில் மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே குளிரும் இருக்கிறது. உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை நன்றாக அறிந்தவன்தான் குடத்தோடு வருகிறான். மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கம், சினிமாவில் கதாநாயகன் திரும்பும்போது எழும் வாத்தியங்கள், மொழியின் பேராலும் நாட்டின் பேராலும் ஒரே சமயத்தில் ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைக்கிற ஒரு வரி — எல்லாம் தண்ணீர். நாம் சிலிர்க்கிறோம். சிலிர்த்தவுடன், உன் உடம்பே சம்மதித்துவிட்டதே, இனி என்ன கேள்வி என்கிறார்கள். இதற்கு அடுத்து வருவது அரிவாள் என்பதை ஆட்டைத் தவிர எல்லோரும் அறிவார்கள்.

கவிதை இதற்கு விதிவிலக்கு என்று நினைத்தேன். என் வாக்கியத்தை மறுபடி பாருங்கள்: ‘உடல் சிலிர்த்தது, இதற்குமேல் விமர்சனம் எதற்கு?’ பூசாரியின் வாக்கியம் அது.

6

இனி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவிதையை நான் முதலில் படிக்கவில்லை, கேட்டேன். என் அப்பா இறந்து பத்து நாள்கூட ஆகாத சமயம். சுடுகாட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொள்ளி வைத்தபோதுகூட, விறகுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் கூட்டத்துக்குப் போனேன். கவிஞர் நல்ல குரல்காரர். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ‘அப்பா’ என்று நிறுத்தினார். மூன்றாவது தடவை நிறுத்தியபோது கைகளில் மயிர் எழுந்தது. எனக்கு அழுகையே வராமலில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த கூலிதான் மதிப்புரை.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் சேமிப்புக் கணக்கை முடிக்க அவர் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளைக்குப் போனேன். தினமும் கவுண்டருக்கு உள்ளே உட்காருகிறவன் அன்று வெளியே நின்றேன். மரணச் சான்றிதழ், நியமனதாரர் படிவம், என் அடையாள அட்டை எல்லாம் சரியாக வைத்திருந்தேன். உள்ளே இருந்த பெண், ஒத்துப்பார்ப்பதற்காகப் பழைய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் போட்டார். என்னிடம் காட்டவில்லை. மேஜைமேல் கிடந்ததைத் தலைகீழாக நான் பார்த்தேன். கணக்கு ஆரம்பித்த வருஷத்துக் கையெழுத்து: அப்பாவுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு, தேவைக்கு மேல் நீளமாக, அட்டையின் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. கடைசி வருஷங்களில் கை நடுங்கி அந்தக் கோட்டைப் போடுவதை அவர் விட்டுவிட்டிருந்தார். எனக்குப் பிடரியிலிருந்து முழங்கைவரை சிலிர்த்தது. குரல் இல்லை, நிறுத்தம் இல்லை, யாரும் என்மேல் எதையும் ஊற்றவில்லை.

இரண்டும் ஒரே தசைகளின் வேலை. சிலிர்ப்பை மட்டும் வைத்து ஒன்றை நிஜம் என்றும் இன்னொன்றைப் போலி என்றும் நான் சொல்லமுடியாது. அந்தத் தருணத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கவிதையை வீட்டில் தனியே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ‘அப்பா’ என்ற சொல்லை விரலால் மறைத்தேன். மீதி இருந்ததில் ஒரு மனிதர் இல்லை: ஒரு நாற்காலி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு இருமல், யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிற மாதிரி. அந்தக் கோடு அப்படியில்லை. கட்டத்தைத் தாண்டிய ஒரு கோட்டில், எனக்குத் தெரியாத ஒரு இளைஞனின் மிதப்பு இருந்தது. அவன் எப்படி என் அப்பாவாக ஆனான் என்ற கேள்வி அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

ஆகவே அந்தக் கவிதை மோசம் என்று இப்போது எழுதிக் கணக்கை நேர்செய்யவேண்டும் என்பதில்லை. அதைப்பற்றி நான் இன்னும் ஒரு மதிப்புரையும் எழுதவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு நேர்ந்ததைக் கவிஞர் கணக்கில் வரவு வைத்தேன். எங்கள் தொழிலில் ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் போட்டுவிட்டால், பதிவை அழிப்பதில்லை. தப்பாக எழுதியது தெரியும்படி ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். ‘உடல் சிலிர்த்தது’ என்பது அப்படியே நிற்கட்டும், அது நடந்தது. காற்புள்ளிக்குப் பிறகு வருவதை அடிக்கிறேன்.